கோயிலையா விற்றார்கள்? தைவான் பிள்ளைக்கு ஆங்கில பாசேஜ் வாசிக்கச் சொல்லித்தருவது எப்படி

தைவானுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்காக வந்த தமிழர்களுக்கு என்றாவது ஒருநாள் இது நடக்கும். வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் வழிமறிப்பார். கையில் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் இருக்கும். "நீங்கள் இந்தியர், ஆங்கிலம் நன்றாகத் தெரியும். எங்கள் பையன் மேல்நிலைப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு. பேசவெல்லாம் கற்றுத்தர வேண்டாம், அந்த பாசேஜ் கேள்விகளுக்கு மட்டும் கொஞ்சம்..." என்று இழுப்பார். கொய்யாவை வாங்கிக்கொண்டால் நீங்கள் ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

ஷின்ச்சூ நகரத்தில் எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நாலைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்தாயிற்று. முதல் பையனிடம் நான் பண்ணிய தப்புகளை நீங்களும் பண்ண வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு இல்லாத ஒரு வசதி தமிழ் பேசுகிற நமக்கு உண்டு. நம் ஆங்கிலம் உசத்தி என்பதால் அல்ல. அந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழுகிறதோ, அதே இடத்தில் நாமும் ஒரு காலத்தில் விழுந்து எழுந்தவர்கள். எந்த இடம் என்று பிறகு சொல்கிறேன்.

காசு விஷயத்தை முடித்துவிடலாம். பணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருவதென்றால் வேலை அனுமதி வேண்டும். மாணவராக வந்தவர்களுக்கு அந்த அனுமதி கிடைத்தாலும், கல்விப் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான். "யாருக்கும் தெரியாமல் கையில் கொடுத்துவிடுகிறேன்" என்ற பேச்செல்லாம் வேண்டாம். நான் கொய்யாவோடு நிறுத்திக்கொண்டேன்.

தேர்வைத் தெரிந்துகொள்ளுங்கள்

பையன் எழுதப்போவதன் பெயர் ஷுயே-ட்ஸ. பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கான பொதுத் தேர்வு. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு மையம் ஆண்டுதோறும் ஜனவரியில் நடத்துகிறது. அதாவது மூன்றாம் ஆண்டின் நடுவிலேயே வந்துவிடும். நம் ஊர் மார்ச் மாதக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு "நிறைய நேரம் இருக்கிறது" என்று நினைத்துவிடாதீர்கள். செப்டம்பரில் ஆரம்பித்தால் உங்கள் கையில் இருப்பது நாலரை மாதம்.

ஆங்கிலத் தாள் 100 நிமிடம், 100 மதிப்பெண். இப்போதுள்ள அமைப்பு 2022-இல் வந்தது. சொல் தேர்வு, பத்தியில் கோடிட்ட இடம் நிரப்புவதில் இரண்டு வகை என்று இந்த மூன்றுக்கும் தலா 10 மதிப்பெண். ஒரு கட்டுரையில் விடுபட்ட நாலு வாக்கியங்களை அவற்றின் இடத்தில் பொருத்துவதற்கு 8. நாம் உட்காரப்போகும் பாசேஜ் பகுதியில் மூன்று பாசேஜ், 12 கேள்வி, 24 மதிப்பெண். அதற்கடுத்து, பாசேஜைப் படித்துக் கொஞ்சம் எழுதியும் கொஞ்சம் தேர்ந்தெடுத்தும் பதில் சொல்கிற கலப்புக் கேள்விக்கு 10. மொழிபெயர்ப்புக்கு 8, கட்டுரைக்கு 20. கூட்டிப் பாருங்கள். வாசிப்பு என்று பெயர் போட்ட பகுதிக்கு 24 என்றாலும், வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பாதித் தாளுக்கு மேல் போய்விடும்.

பழைய தாள்கள் எல்லாம் அந்த மையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2021 வரைக்குமான தாள்களில் நாலு பாசேஜ், 16 கேள்வி இருக்கும். கலப்புக் கேள்வி இருக்காது. பயிற்சிக்கு அவை போதும். 2022-க்குப் பிந்திய தாள்களைத் தொடாமல் வைத்திருங்கள்; டிசம்பரில் கடிகாரம் வைத்து எழுத வேறு தாளுக்கு எங்கே போவது? தெருமுனை செவன்-இலெவனில் இருக்கிற ஐபான் இயந்திரத்தில் அச்செடுத்துக்கொள்ளலாம். திரையில் வாசிக்க விடாதீர்கள். இந்த முறைக்குப் பென்சில் வேண்டும்.

முதல் நாள்: ஒன்றும் சொல்லித்தராதீர்கள்

ஒரு பழைய பாசேஜைக் கொடுங்கள். கடிகாரம் வேண்டாம், அகராதி வேண்டாம். அவன் வாசிக்கும்போது பென்சில் நுனி எங்கே நிற்கிறது, எங்கே திரும்பிப் போகிறது என்று மட்டும் பாருங்கள். வாசித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டு, என்ன கதை என்று சீனத்திலேயே அவன் அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குச் சீனம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாலே போதும்.

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். கேட்டால் தலையாட்டுவான். லாவ்ஷி, அதாவது ஆசிரியர், கேட்டுவிட்டார். இல்லை என்று சொன்னால் அவர் மனம் நோகும் என்பது அவன் கணக்கு. முதல் மூன்று வாரம் நான் அந்தத் தலையாட்டலை நம்பினேன். இப்போதெல்லாம் "எந்த வரியில் இருக்கிறது, விரல் வை" என்று கேட்கிறேன். விரல் பொய் சொல்லாது.

அப்புறம், நேரம். பள்ளி முடிந்து, பூஷிபான் என்கிற டியூஷன் சென்டருக்குப் போய்விட்டு ஒன்பது மணிக்கு மேல் வீடு திரும்புகிற பிள்ளை அது. அந்த நேரத்தில் பாசேஜை நீட்டினால் எழுத்துகள் எறும்பாக ஊரும். சனி, ஞாயிறு காலையில் முக்கால் மணி நேரம் போதும்.

நான் செய்த தப்பு

பையனுக்குச் சொல்வளம் இல்லை என்று முதல் வாரத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். தேர்வு மையமே மேல்நிலை மாணவர்களுக்காகச் சுமார் 6000 சொற்கள் கொண்ட பட்டியலை ஆறு படிநிலைகளாகப் பிரித்து வெளியிட்டிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளிடமும் அது புத்தகமாக இருக்கும். நாளைக்கு 30 சொல் என்று ஆறு வாரம் உருப்போட வைத்தேன். மனப்பாடத்தில் அவன் புலி. ஆனால் பள்ளியில் நடந்த மாதிரித் தேர்வில் பாசேஜ் மதிப்பெண் அப்படியே நின்றது.

ஏன் என்று எனக்குத் தெரிந்தது ஒரு வாக்கியத்தால். ஷின்ச்சூ காற்றுக்குப் பேர்போன ஊர். அந்தக் காற்றில் காயவைத்த அரிசி நூடுல்ஸுக்கும் அதே அளவு பேர் உண்டு. பார்த்தால் நம் இடியாப்பத்துக்குச் சின்னம்மா பிள்ளை மாதிரி இருக்கும். அதை வைத்து நானே ஒரு சின்ன பாசேஜ் எழுதியிருந்தேன். அதில் ஒரு வரி:

"த நூடுல்ஸ் தட் த ஃபேமிலி ட்ரைடு ஆன் பாம்பூ ரேக்ஸ் பிஹைண்ட் த டெம்பிள் வேர் சோல்ட் பிஃபோர் நூன்."

மத்தியானத்துக்கு முன் விற்றது எது என்று கேட்டேன். பையன் யோசித்தான். பிறகு கொஞ்சம் திகைப்போடு, "கோயிலையா விற்றார்கள், லாவ்ஷி?" என்றான்.

அந்த வரியில் அவனுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. விற்றார்கள் என்ற வினைக்குப் பக்கத்தில் கோயில் இருந்தது. கோயிலைப் பிடித்துக்கொண்டான்.

பெயரெச்சம் என்கிற சாவி

இப்போது அந்த வசதிக்கு வருகிறேன். அதே வரியைத் தமிழில் சொல்லுங்கள்: "கோயிலுக்குப் பின்னால் மூங்கில் தட்டிகளில் அந்தக் குடும்பம் காயவைத்த நூடுல்ஸ் மத்தியானத்துக்குள் விற்றுவிட்டது." விவரமெல்லாம் முதலில் வருகிறது, நூடுல்ஸ் பிறகு வருகிறது, விற்றது அதை ஒட்டியே நிற்கிறது. குழப்பத்துக்கு வழியே இல்லை.

சீனமும் இப்படித்தான். "நான் நேற்று வாங்கிய புத்தகம்" என்பதை அவர்கள் "வோ ஸுவோத்தியென் மாய் தெ ஷு" என்பார்கள். நான், நேற்று, வாங்கு, தெ, புத்தகம். நம் "வாங்கிய" என்ற பெயரெச்சத்தின் கடைசியில் ஒரு "அ" ஒட்டிக்கொண்டு செய்கிற வேலையை அங்கே "தெ" செய்கிறது. எட்டாம் வகுப்பு இலக்கணத்தில் தூங்கிவழிந்த பெயரெச்சம் ஷின்ச்சூ மாடியில் இப்படிக் கைகொடுக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆங்கிலத்தில் முதலில் புத்தகம், பிறகு "தட் ஐ பாட் யெஸ்டர்டே". விவரம் பின்னால் வால் மாதிரி தொங்கும். வால் நீண்டுபோனால் தலை எது என்பது மறந்துபோகும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வினையை வாக்கியக் கடைசியில் வைப்பது நம் வழக்கம். சீனம் அப்படியில்லை, "நான் வாங்கினேன் புத்தகம்" என்று ஆங்கில வரிசையிலேயே போகும். அதனால் சின்ன வாக்கியங்களில் பையனுக்குத் தடங்கலே வராது. வேகமாக வாசிப்பான். கேட்கிறவர்களும் நன்றாக வாசிக்கிறானே என்று விட்டுவிடுவார்கள். வாக்கியம் இரண்டு வரியைத் தாண்டும்போதுதான் சிக்கல் தெரியும். தேர்வில் கேள்வி வருவதோ அந்த இரண்டு வரி வாக்கியத்திலிருந்துதான்.

என் முறை இது. பென்சிலை எடுக்கச் சொல்லுங்கள். வாக்கியத்தின் முதன்மை வினை எது என்று தேடி அடியில் இரட்டைக் கோடு போடட்டும். நம் வரியில் அது "வேர் சோல்ட்". பிறகு "தட்", "ஹூ", "விச்" எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு அடைப்புக்குறியைத் திறந்து, முதன்மை வினைக்கு முன்னால் மூடட்டும். அடைப்புக்குள் இருப்பதைக் கையால் மறைத்துவிட்டு மீதியை வாசிக்கட்டும்: "த நூடுல்ஸ் வேர் சோல்ட் பிஃபோர் நூன்." கோயில் காணாமல் போய்விடும். பிறகு கையை எடுத்துவிட்டு, அடைப்பிலிருந்து நூடுல்ஸுக்கு ஒரு அம்புக்குறி. இவ்வளவுதான். ஒரு பாசேஜுக்கு நாலு வாக்கியம் இப்படிச் செய்தால் போதும். எல்லா வாக்கியத்தையும் கீறினால் தாளும் தாங்காது, பிள்ளையும் தாங்காது.

இரண்டு வாரத்தில் இது பழகிவிடும். அப்போது கஷ்டமானவற்றைக் கொடுங்கள். "தட்" என்பதையே எடுத்துவிட்டால் "த நூடுல்ஸ் த ஃபேமிலி ட்ரைடு" என்று இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத அடைப்பு ஒன்று இருக்கிறது என்று காட்டுங்கள். அதைவிடக் கடினம் இந்த மாதிரி: "த நூடுல்ஸ் ட்ரைடு இன் த விண்ட் டேஸ்ட் பெட்டர்." பையன் "ட்ரைடு" என்பதை முதன்மை வினை என்று எடுத்துக்கொண்டு, நூடுல்ஸ் காய்ந்தது என்று முடித்துவிடுவான். அடுத்து "டேஸ்ட்" வந்ததும் முழிப்பான். இங்கே "காற்றில் காய்ந்த நூடுல்ஸ்" என்று உங்கள் தலைக்குள் தமிழ் உடனே வரும். அவனிடம், "இந்த இடத்தில் சீனத்தில் சொன்னால் 'தெ' வருமா, வராதா?" என்று கேளுங்கள். வரும் என்பான். வந்தால் அது அடைப்புக்குள் போக வேண்டிய சமாச்சாரம். ஆங்கில இலக்கணப் பெயர் ஒன்றுகூடச் சொல்லாமல் வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. வாக்கியத்தைப் பின்னாலிருந்து முன்னால் திருப்பிப்போட்டுச் சீனமாக்கி வாசிக்கிற பழக்கத்தில் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். பொருள் சரியாக வரும், ஆனால் தேர்வில் நேரம் போய்விடும். மூன்றாம் வாரத்திலிருந்து முன்னோக்கியே வாசிக்கப் பழக்குங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே போங்கள். நூடுல்ஸ். எந்த நூடுல்ஸ்? குடும்பம் காயவைத்தது. எதில்? மூங்கில் தட்டியில். எங்கே? கோயிலுக்குப் பின்னால். சரி, அதுக்கு என்ன ஆச்சு? விற்றுவிட்டது. "அதுக்கு என்ன ஆச்சு" என்ற கேள்விதான் முக்கியம். அது அவனை வாலிலிருந்து தலைக்குக் கூட்டிவந்துவிடும். சில வாரம் கழித்து அவனே மனதுக்குள் கேட்டுக்கொள்வான்.

மற்ற பள்ளங்கள்

எண்கள். ஆங்கிலத்தில் மில்லியன். சீனத்தில் பத்தாயிரத்துக்கு "வான்" என்றும் பத்துக் கோடிக்கு "யீ" என்றும் தனிச்சொல். நமக்கு லட்சம், கோடி. தைவானின் மக்கள்தொகை சுமார் 23 மில்லியன் என்று பாசேஜில் வந்தால், நாம் இரண்டு கோடியே முப்பது லட்சம் என்று மாற்றிக்கொள்வோம். அவன் 2300 வான் என்று மாற்ற வேண்டும். அவசரத்தில் ஒரு சுழியைத் தின்றுவிடுவான். ஒரு மில்லியன் என்றால் 100 வான். அவன் நோட்டின் முதல் பக்கத்தில் இதைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

காலம். சீன வினைச்சொல் காலத்துக்காக உருமாறாது. "ஹேட் லெஃப்ட்" என்பதற்கும் "லெஃப்ட்" என்பதற்கும் உள்ள வேறுபாடு அவன் கண்ணில் படாமலே நழுவும். இலக்கணப் பாடம் எடுக்காதீர்கள். "எது முதலில் நடந்தது?" என்று கேட்டு 1, 2 என்று எண் போடச் சொல்லுங்கள்.

அவன், அவள். எழுத்தில் வேறாக இருந்தாலும் சீனத்தில் இரண்டையும் "தா" என்றே உச்சரிப்பார்கள். பேசும்போது ஹீயும் ஷீயும் கலந்துவிடுவதைக் கேட்டிருப்பீர்கள். மனதுக்குள் ஒலித்து வாசிக்கிற பிள்ளைக்கு வாசிப்பிலும் அது நடக்கும். "இட்", "தே" யாரைக் குறிக்கிறது என்று வட்டம் போட்டுக் கோடு இழுக்கட்டும்.

"ஹார்ட்லி", "ஃப்யூ" இரண்டும் வேஷம் போட்ட எதிர்மறைகள். அவற்றைப் பார்த்ததும் மேலே ஒரு கழித்தல் குறி. அவ்வளவுதான்.

சொற்கள் வேண்டாமா?

வேண்டும். ஆனால் பட்டியலிலிருந்து அல்ல, வாசித்த பாசேஜிலிருந்து. ஒரு பாசேஜுக்கு எட்டு, பத்து போதும்.

பட்டியல் உருப்போடுவதில் எனக்கு இருக்கிற மனத்தாங்கல் இதுதான்: ஒரு சொல்லுக்கு ஒரு சீனப் பொருள் என்று மண்டையில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிடுகிறது. "அட்ரஸ்" என்றால் முகவரி. பாசேஜில் தண்ணீர்ப் பற்றாக்குறையை அரசாங்கம் "அட்ரஸ்" செய்தது என்று வந்தபோது, அரசாங்கம் எங்கேயோ முகவரி எழுதி அனுப்பியதாகப் பையன் புரிந்துகொண்டான். இத்தனைக்கும் 2021-இல் ஷின்ச்சூப் பக்கம் அணைகள் வற்றி, சிப் தொழிற்சாலைகளுக்கு லாரியில் தண்ணீர் போனதை நேரில் பார்த்தவன். விஷயம் தெரியும், சொல்லும் தெரியும். அந்தச் சொல்லின் இன்னொரு முகம் தெரியவில்லை. "நாவல்" என்றால் கதைப்புத்தகம் மட்டுமல்ல, புதுமையானது. "கம்பெனி" என்றால் துணை. "சப்ஜெக்ட்" என்றால் பாடம் மட்டுமல்ல, ஆய்வுக்கு உட்பட்ட ஆளும்தான். தெரிந்த சொல் வாக்கியத்தில் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நின்றால், அது வேறு முகம் காட்டுகிறது என்று பொருள். அப்படிப்பட்டவற்றுக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் திருப்பிப் பார்க்க அந்தப் பக்கம் போதும்.

தெரியாத சொல் வந்தால் முதலில் தாண்டிப்போகட்டும். அடுத்த வரியில் "ஆர்" என்றோ ஒரு உதாரணமோ ஒரு காற்புள்ளியோ வந்து பாதிப் பொருளைச் சொல்லிவிடும்.

கேள்விகளுக்குள் இருக்கும் பொறி

கேள்விகளில் நாலு வகை உண்டு. விவரம் கேட்பது, மொத்தக் கருத்து கேட்பது, ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்று கேட்பது, சொல்லாமல் விட்டதை ஊகிக்கச் சொல்வது. முதல் மூன்றும் பயிற்சியில் வந்துவிடும். நாலாவதில்தான் மதிப்பெண் கொட்டிப்போகிறது.

என் நூடுல்ஸ் பாசேஜின் கடைசிப் பத்தி இது. மகள் ஊருக்குத் திரும்பிவந்து, மழைக்காலத்துக்காக ஒரு மின்சார உலர்த்தி வாங்குகிறாள். ருசி மாறவில்லை என்கிறார்கள் பழைய வாடிக்கையாளர்கள். அப்பா ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் காற்று வீசுகிற ஒவ்வொரு காலையிலும் தட்டிகளை வெளியே தூக்கிக்கொண்டு போகிறார். கேள்வி: உலர்த்தியைப் பற்றி அப்பாவின் எண்ணம் என்ன? விடைகள்: ஒன்று, மகள்மீது கோபமாக இருக்கிறார். இரண்டு, இயந்திரத்தில் காய்ந்ததே ருசி என்று நினைக்கிறார். மூன்று, அவருக்கு இன்னும் காற்றின்மேல்தான் நம்பிக்கை. நாலு, தட்டிகளையெல்லாம் விற்றுவிட நினைக்கிறார்.

பையன் ஒன்றாவதைப் போட்டான். ஏன் என்று கேட்டேன். "எங்கள் அப்பா ஒன்றும் பேசாமல் இருந்தால் கோபம் என்றுதான் அர்த்தம்" என்றான். சிரிப்பு வந்தது, ஆனால் பாடம் அங்கேதான் இருந்தது. "உன் அப்பாவைக் கேட்கவில்லை. இந்த அப்பாவின் கோபம் எந்த வரியில் இருக்கிறது, விரல் வை." விரல் அலைந்தது, உட்கார இடம் கிடைக்கவில்லை. மூன்றாவதுக்கு விரல் வை என்றதும் தட்டி தூக்குகிற வரியில் போய் நின்றது.

பொறிகள் பெரும்பாலும் மூன்று விதம். பாசேஜின் சொற்களையே எடுத்து வேறு மாதிரி கோத்தது. இரண்டாவதில் ருசி, நாலாவதில் தட்டி. உலகத்தில் உண்மை, ஆனால் இந்த பாசேஜில் இல்லாதது, ஒன்றாவது. இன்னொன்று "ஆல்", "ஒன்லி", "நெவர்" என்று அளவுக்கு மீறிப் பேசுவது. நாலாவதில் அதுவும் சேர்ந்திருக்கிறது. சரியான விடை பெரும்பாலும் பாசேஜின் சொற்களைத் தொடாமல் வேறு சொற்களில் அடக்கமாக நிற்கும். ஒவ்வொரு தப்பு விடைக்குப் பக்கத்திலும் அது எந்தப் பொறி என்று ஒரு எழுத்து போடச் சொல்லுங்கள். சரியான விடையைப் பிடிப்பதைவிட, மூன்று தப்பையும் ஏன் தப்பு என்று சொல்வதில்தான் பயிற்சி இருக்கிறது.

தைபேயில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நான்யாங் தெரு என்று பூஷிபான்களுக்கே பேர்போன ஒரு தெரு உண்டு. அந்த வகையறாவில் "கேள்வியை முதலில் படி, பாசேஜைப் பிறகு தேடு" என்று சொல்லித்தருவார்கள். விவரக் கேள்விக்கு அது சரி. ஊகக் கேள்விக்கு அது உதவாது என்பது என் கருத்து. நாலு கேள்வியின் தலைப்பை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, விடைகளைப் படிக்காமல் பாசேஜை முழுதாக ஒருமுறை வாசிப்பது நல்லது. விடைகளை முதலில் படித்தால் நாலில் மூன்று பொய். பொய்யோடு வாசிக்கப் போனால் பொய்தான் கண்ணில் படும்.

விடுபட்ட வாக்கியத்தைப் பொருத்துகிற பகுதியில் "தே", "திஸ்", "ஹவெவர்" மாதிரியான கொக்கிச் சொற்களைத் தேடினால் முக்கால் வேலை முடிந்தது. கலப்புக் கேள்வியில் பாசேஜிலிருந்து ஒரு சொல்லை எடுத்து, வாக்கியத்துக்கு ஏற்றபடி உருமாற்றி எழுதச் சொல்வார்கள். சொல்லைச் சரியாகப் பிடித்துவிட்டு, உருவை மாற்றாமல் அப்படியே எழுதி மதிப்பெண்ணை விடுவது வழக்கமான கூத்து. எழுதியபின் வாக்கியத்தை உதடு அசைத்து ஒருமுறை வாசிக்கட்டும்.

கடிகாரமும் கடைசி வாரங்களும்

நவம்பர் வரை கடிகாரம் வேண்டாம். அதன்பின் ஒரு பாசேஜுக்கு 12 நிமிடத்தில் ஆரம்பித்து, டிசம்பர் முடிவில் எட்டுக்குக் கொண்டுவாருங்கள். மொழிபெயர்ப்புக்கும் கட்டுரைக்கும் 35 நிமிடமாவது மிஞ்ச வேண்டும். எட்டு நிமிடத்தில் முடியாத பாசேஜில் விடையை ஊகித்துப் போட்டுவிட்டு நகரட்டும். தப்பான விடைக்குக் கழித்தல் கிடையாது.

வாரநாளில் பத்து நிமிடம் ஏதாவது வாசிக்க வேண்டும் என்றால் ஸ்டுடியோ கிளாஸ்ரூம் இதழைச் சொல்லுவேன். சியாட்டிலில் பிறந்து தைவானிலேயே வாழ்ந்து 2024-இல் மறைந்த டோரிஸ் ப்ரூம் 1962-இல் தொடங்கியது. வானொலி நிகழ்ச்சியும் கூடவே உண்டு. பையனின் பாட்டி தலைமுறை தொட்டு எல்லோருக்கும் தெரியும் என்பதால் வீட்டில் மறுப்பு வராது. முதலில் கேட்டுவிட்டு, பிறகு வாசித்தால் வாக்கியத்தை எங்கே நிறுத்தி மூச்சுவிடுவது என்பது காதில் ஏறிவிடும். நாம் பென்சிலால் போட்ட அடைப்புக்குறியும் அதே இடத்தில்தான் விழும்.

ஜனவரியில் வீட்டுக்காரர்கள் வென்சாங் சாமி கோயிலுக்குப் போவார்கள். படிப்புக்கான சாமி. தேர்வு அனுமதிச் சீட்டின் நகலோடு செலரி, வெங்காயத்தாள், முள்ளங்கி எல்லாம் படையலில் இருக்கும். செலரியின் பெயர் உழைப்பு என்ற சொல்போலவும், வெங்காயத்தாளின் பெயர் புத்திசாலி என்ற சொல்போலவும் ஒலிக்குமாம். கூப்பிட்டால் போய்வாருங்கள். நான் போனபோது பையன் என் காதில், "இதை இன்னும் விற்கவில்லை, லாவ்ஷி" என்றான்.

கடைசி மூன்று நாள் புது பாசேஜ் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே பென்சில் கீறிய பழைய தாள்களையே புரட்டட்டும். தேர்வன்று வாசலில் நின்று, "அந்தக் கேள்விக்கு என்ன போட்டாய்?" என்று கேட்காதீர்கள், ஆங்கிலம் முடிந்தாலும் வேறு பாடங்கள் பாக்கி இருக்கும். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். அங்கேயும் பார்த்ததும் கேட்கிற கேள்வி அதுதான்.